மனுதாரர் இறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்

நான் ஓய்வு பெற்ற சுங்கைப் பட்டாணி வங்கிக் கிளையில் இப்போது கடன் பிரிவில் இருப்பவர் திவ்யா. கிளையின் பழைய ஆட்களும் புதிய ஆட்களும் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். “சார், இந்த சிஸ்டம் எல்லாம் வர்றதுக்கு முன்னாடி, லோன் கேக்குற ஆளு உண்மையிலேயே இருக்காரா இல்லையான்னு எப்படி செக் பண்ணீங்க?”

நியாயமான கேள்விதான். இப்போது கைப்பேசியில் முகத்தைக் காட்டி, கண்ணைச் சிமிட்டி, தலையை இடமும் வலமும் திருப்பினால் ஆள் உயிரோடிருப்பது உறுதியாகிவிடுகிறது. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து கடன் அட்டைக்கு மனுப் போட்டால், மீ கோரிங் மேசைக்கு வருவதற்குள் பதில் வந்துவிடுகிறது.

“நேரில் போய்ப் பார்த்தோம்” என்று எழுதினேன். சிரிக்கும் முகம் ஒன்றைப் பதிலாகப் போட்டார். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துவிட்டார். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வங்கிக்கு வருவதற்கு முன் நான் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதி நேரச் செய்தியாளன். கோயில் திருவிழா, சாலை விபத்து, பள்ளி விளையாட்டுப் போட்டி, இவைதான் என் பங்கு. கடன் ஆய்வாளர் வேலைக்கு நேர்காணலில் என்ன தகுதி என்று கேட்டபோது, தெரியாத ஊரில் தெரியாத ஆளிடம் போய்க் கேள்வி கேட்பேன் என்றேன். எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி கோலாலம்பூரில், குளிர்சாதன அறையில். கடன் கேட்பவரிடம் பார்க்க வேண்டிய ஐந்து விஷயங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் முதலாவது குணம். திரும்பி வந்து மனுப் படிவத்தைப் பார்த்தேன். சம்பளத்துக்கு இடம் இருந்தது, வண்டி எண்ணுக்கு இடம் இருந்தது, குணத்துக்கு மட்டும் இடம் இல்லை.

கடன் சோதனை என்பது இரண்டு பாதி. முதல் பாதி காகிதம். மனுதாரருக்கு எந்தெந்த வங்கியில் என்னென்ன கடன் இருக்கிறது, யாருக்கெல்லாம் ஜாமீன் போட்டிருக்கிறார், அண்மையில் எங்கெல்லாம் கடன் கேட்டார் என்பதெல்லாம் மத்திய வங்கி அறிக்கையில் வரும். ஒவ்வொரு கடனுக்கும் கடைசிப் பன்னிரண்டு மாதத்துக்கு வரிசையாக ஒரு எண். தவணையை ஒழுங்காகக் கட்டியிருந்தால் பூஜ்யம். ஒரு மாதம் பாக்கி என்றால் ஒன்று, இரண்டு மாதம் என்றால் இரண்டு. அதாவது பூஜ்யம்தான் முதல் மார்க்.

இதை மக்களுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் பாதி தலை நரைத்துவிட்டது. பீடோங்கிலிருந்து வந்த ஒரு தொழிற்சாலை மேற்பார்வையாளர், மிக ஒழுங்கான பெண், தன் அறிக்கையைப் பார்த்துக் கண் கலங்கினார். “பன்னெண்டு மாசமும் முட்டையா சார்?” அடுத்த நாள் வந்த லாரி ஓட்டுநரின் வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று இருந்தது. அவர் திருப்தியாகத் தலையாட்டினார். “பரவால்ல லா, ஏறிக்கிட்டேதான் இருக்கு.”

ஜித்ராவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கூரை மாற்றக் கடன் கேட்டு வந்தார். ஓய்வூதியம் உண்டு, பாக்கி ஏதும் இல்லை. ஆனால் கண்ட வங்கியிலெல்லாம் கடன் அட்டைக்கு மனுப் போட்டிருந்ததாக அறிக்கை சொன்னது. குறுகிய காலத்தில் அத்தனை இடத்தில் கேட்பவரை எந்த வங்கியும் தண்ணீரில் மூழ்குகிற ஆளாகத்தான் பார்க்கும். எதற்கு இத்தனை அட்டை என்று கேட்டேன். அட்டை யாருக்கு வேண்டும் என்றார். பேரங்காடியில் மேசை போட்டு மனு வாங்குகிற பெண்கள், படிவம் நிரப்பியவர்களுக்குச் சக்கரம் வைத்த பயணப் பை கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் மனைவியோடு போய் ஒரு மேசை விடாமல் கையெழுத்துப் போட்டு, மூன்று மகள்களுக்கும் பை சேர்த்திருக்கிறார். விஷயத்தை விளக்கியபோது, பைகளைத் திருப்பிக் கொடுத்தால் பெயர் சுத்தமாகிவிடுமா என்று கேட்டார். ஆகாது. அந்தப் பதிவுகள் பழசாகி மறையும் வரை அவர் கூரை ஒழுகியது.

இரண்டாம் பாதி, நேரில் போய்ப் பார்ப்பது. அது என் வேலை. நான் கொண்டுவருவதை எடை போடுவது என் மேலதிகாரி மிஸ்டர் கூவின் வேலை.

மிஸ்டர் கூ அலோர் ஸ்டார்காரர், சீனர். மெலிந்தவர், எப்போதும் டை கட்டியிருப்பார், குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மனுவைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பார். முதல் பக்கத்தில் எல்லாருமே நல்லவர்கள் என்பார். அவர் மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன. ஒன்றில் ‘இன்று’, இன்னொன்றில் ‘நாளை’ என்று எழுதி ஒட்டியிருந்தார். மூன்றாவதில் ‘டுரியான்’. அதில் விழுந்த கோப்பு அந்த முள் பழம் மாதிரி, பருவம் வந்தால்தான் விழும், அண்ணாந்து பார்த்துக்கொண்டு கீழே நிற்கக் கூடாது. யாருடைய மனுவையும் அவர் நிராகரித்ததில்லை. டுரியானில் வைப்பார், அவ்வளவுதான்.

என் அறிக்கைக்கு அவர் வகுத்த முறை ஒன்று உண்டு. தாளின் நடுவே ஒரு கோடு. இடப் பக்கம் ‘பார்த்தது’, வலப் பக்கம் ‘கேட்டது’. ஊகத்துக்கு இடம் கிடையாது. எதையாவது நான் வாயால் சொன்னால், “பார்த்ததா, கேட்டதா?” என்பார். சந்தேகம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி டையின் நுனியால் துடைப்பார். பத்திரிகையில் என் ஆசிரியர் இவ்வளவு கறாராக இருந்ததில்லை.

இன்னொரு விதியும் இருந்தது, அதில்தான் இந்தக் கதை மாட்டிக்கொண்டது. கடன் விஷயம் ரகசியம். என்ன காரியமாக வந்திருக்கிறேன் என்பதை மனுதாரரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லக் கூடாது. கணவனிடமும் கூடாது, பக்கத்து வீட்டிலும் கூடாது.

மனுதாரர் பெயர் ஆரோக்கியமேரி. செமிலிங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் பதினேழாம் எண் லயத்து வீடு. பாக் மான் என்ற மலாய்க்காரரின் பள்ளி வேனில் எட்டு வருடமாகப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் உதவியாளர். வேன் ஓட்டும் உரிமமும் எடுத்து வைத்திருந்தார். பாக் மான் தொழிலை விட்டுவிட்டு மகனோடு போய் இருக்க முடிவு செய்து, வேனையும் அந்தப் பள்ளிப் பயணத்தையும் மேரிக்கே கொடுப்பதாக ஒரு கடிதம் எழுதியிருந்தார். நிபந்தனை ஒன்றுதான். பள்ளி விடுமுறை முடிந்து திறப்பதற்குள் பணம் வர வேண்டும். வராவிட்டால் வேன் பீடோங்கில் ரொக்கத்தோடு காத்திருக்கும் ஒருவருக்குப் போகும். புது முதலாளி தன் மனைவியைத்தான் உதவியாளராக ஏற்றுவார். மேரிக்கு வேனும் இல்லை, வேலையும் இல்லை.

மனு, பழைய வண்டி விற்கும் கடைக்காரர் மூலம் வந்தது. அதனால் மேரி வங்கியைப் பார்த்ததில்லை, நான் மேரியைப் பார்த்ததில்லை. அடையாள அட்டையின் நகலில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம்தான் இருந்தது.

முழுக்கைச் சட்டை, தலைக்கவசம், கையில் கோப்பு. இந்தக் கோலத்தில் தோட்டத்துக்குள் நுழைந்தேன். தவணை கட்டாத மோட்டார் சைக்கிள்களை இழுத்துப் போக வருகிறவர்களும் முழுக்கைச் சட்டையும் கோப்புமாகத்தான் வருவார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முதலில் மளிகைக் கடை. கடைக்காரர் முத்தையா பருத்த மனிதர், கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான். மேரி என்றதும் கடைக் கூரையை ஒரு தடவை பார்த்தார். “மேரியா? இங்க அந்த மாதிரி பேரே இல்லையே சார். பக்கத்துத் தோட்டமா இருக்கும், போய்ப் பாருங்க லா.” பேரே இல்லை என்றவர், நான் வண்டியைக் கிளப்பியதும் கடைக்கு வெளியே வந்து நின்று நான் எந்தப் பக்கம் போகிறேன் என்று பார்த்தார்.

குழாயடியில் இரண்டு பெண்கள். மேரி எங்கே என்று கேட்டேன். ஒருவர் கோலாலம்பூர் என்றார். அதே நொடியில் மற்றவர் ஈப்போ என்றார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஈப்போ போய் அங்கிருந்து கோலாலம்பூர் போய்விட்டதாக முடிவுக்கு வந்தார்கள்.

பதினேழாம் எண் வீடு திறந்திருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வாசலுக்கு வந்தார். குளித்த தலையில் துண்டு. கழுத்தில் கயிற்றில் கோத்த ஒரு விசில். என் கோப்பைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், தலைக்கவசத்தைப் பார்த்தார்.

“ஆரோக்கியமேரி வீடு இதுதானுங்களா?”

“நீங்க யாரு?”

“அவங்களைப் பார்க்கணும்.”

“என்னாத்துக்கு?”

“அதை அவங்ககிட்டதாங்க சொல்ல முடியும்.”

மோட்டார் இழுக்க வருகிறவர்களும் இதையே, இதே வார்த்தைகளில்தான் சொல்வார்களாம். அந்தப் பெண்ணின் முகம் ஒரு தீர்மானத்துக்கு வந்தது.

“மேரி எறந்துருச்சு சார்.”

வருத்தம் தெரிவித்தேன். எப்போது என்றேன். போன கிறிஸ்மஸுக்கு முன்னால், நெஞ்சு வலி என்றார். உட்காரச் சொல்லி, உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். “நல்ல மனுசி சார். யாருக்கும் அஞ்சு காசு வச்சிட்டுப் போகல. பிள்ளைங்கன்னா உசுரு. கறி வச்சா நாலு வீட்டுக்கு மணக்கும். அது மாதிரி ஒரு பொம்பள இந்த லயத்துக்கு இனிமே வரப்போறதில்ல.” சொல்லச் சொல்லக் கண்ணீர் பெருகியது. செய்தியாளனாக நான் பல இழவு வீடுகளுக்குப் போயிருக்கிறேன். நடிப்பு அழுகை எனக்குத் தெரியும். இது நிஜமான அழுகை.

“நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?”

தலைத் துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ரொம்ப வேண்டியவ சார்.”

அந்த விசில் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இவர் மேரி இல்லை என்றால் வேன் கடனைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது. மேரியாக இருந்தால், நான் வாய் திறக்கும் வரை அவர் அதை ஒப்புக்கொள்ளப் போவதில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, ஆன்மா சாந்தியடையட்டும் என்று சொல்லி எழுந்தேன். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

அன்று மாலை என் அறிக்கை இப்படி இருந்தது. பார்த்தது: வீடு திறந்திருந்தது, அடுப்பில் சோறு, சுவரில் இயேசு படம், இறந்தவரின் படம் மாலையோடு எங்கும் இல்லை, வீட்டில் இருந்த பெண்ணின் கழுத்தில் விசில். கேட்டது: அப்படி ஒருவர் இல்லை, ஈப்போ வழியாகக் கோலாலம்பூர் போய்விட்டார், மனுதாரர் இறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

மிஸ்டர் கூ கடைசி வரியிலிருந்து மேலே படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிறிஸ்மஸுக்கு முன் இறந்தவர் போன வாரம் கையெழுத்துப் போட்டிருக்கிறார், கையெழுத்தில் நடுக்கமே இல்லை என்றார். கோப்பை டுரியான் தட்டில் வைத்தார். பிறகு, வேலை செய்யும் இடத்தை இன்னும் விசாரிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்து, பாக் மானுக்குத் தொலைபேசியில் பேசினார். வேலையை உறுதி செய்வது வழக்கமான நடைமுறை. உதவியாளர் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம் என்று மலாயில் பணிவாகத் தொடங்கினார். மறுமுனையில் பாக் மான் பதறிப்போய், எப்போது என்று கேட்டிருக்கிறார். வேகத்தடையில் வேனை மெதுவாக ஓட்டவில்லை என்று அரை மணி நேரத்துக்கு முன்புதான் மேரி அவரைத் திட்டிவிட்டுப் போனாராம்.

மிஸ்டர் கூ தொலைபேசியை வைத்துவிட்டு, கோப்பை ‘நாளை’ தட்டுக்கு மாற்றினார். டுரியான் தட்டிலிருந்து ஒரு கோப்பு மேலேறி வந்ததை நான் பார்த்தது அது ஒரே தடவை.

என்னை யாராக நினைத்தார்கள் என்பது உறைத்து, மறுநாள் கோப்பை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு, பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றேன். விடுமுறைக்கு முந்தைய வாரம். வேன் வந்தது. விசிலை ஊதிக்கொண்டு இறங்கியவர் என்னோடு உட்கார்ந்து அழுத அதே பெண்தான். அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டேன். வரிசையில் நின்ற பிள்ளைகள் மொத்தமாக, “ஆன்ட்டி, உங்களத்தான்” என்றார்கள். இனி மறைக்க வழியில்லை.

“நான் மோட்டார் இழுக்க வரலைங்க,” என்றேன். “வேன் லோன் விஷயமா பேங்க்ல இருந்து வந்தேன்.”

மேரி வேன் படியில் மெதுவாக உட்கார்ந்தார். விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“நான் செத்துட்டேன்னு எழுதிட்டீங்களா சார்?”

“எழுதிட்டேன்.”

“அழிச்சிட முடியாதா?”

“எழுதினதை அழிக்கக் கூடாதுங்க. இன்னொன்னு எழுதலாம். பேப்பர்ல திருத்தம் போடுற மாதிரி.”

“ஆண்டவருக்கே மூணு நாளாச்சு,” என்றார். “உங்க பேங்க்ல எத்தன நாளாகும் சார்?”

அந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பாக் மான் கொடுத்த கெடு அவருக்கு நினைவிருந்தது.

உயிர்ப்பித்துவிடலாம், அது பெரிய விஷயமில்லை, காகிதத்தில்தான் சிக்கல் இருக்கிறது என்று விளக்கினேன். மத்திய வங்கி அறிக்கையில் மேரியின் சொந்தப் பெயரில் ஒன்றுமே இல்லை. வாழ்நாளில் கடன் வாங்காதவர். ஆனால் ஜாமீன் பகுதியில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது, கொழுந்தன் அந்தோணியுடையது, வேறொரு நிறுவனத்தில் வாங்கியது. அதன் வரிசை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று ஏறிக்கொண்டு போனது. ஜாமீன் போட்டவருக்கு அது சொந்தக் கடன் மாதிரிதான். அவன் கட்டாதது மேரி கட்டாததாகத்தான் எந்த வங்கிக்கும் தெரியும். அது தீராமல் மிஸ்டர் கூ பேனாவைத் திறக்க மாட்டார்.

“ஜாமீனா? சாட்சிக் கையெழுத்து அண்ணின்னு சொன்னான் சார். கல்யாணத்துக்குப் போடுற மாதிரி.”

எங்கள் பகுதியில் நான் பார்த்த ஜாமீன்தாரர்களில் பாதிப் பேர் இப்படித்தான். ஒருவர் மோட்டார் வாங்கினால் இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் மனஸ்தாபம். எதற்குப் போடுகிறோம் என்று கேட்பது இன்னும் பெரிய மனஸ்தாபம்.

அந்த மோட்டார் இப்போது எங்கே என்று கேட்டேன். மேரி என்னை நிதானமாக ஒரு பார்வை பார்த்தார். “நீங்க அந்தக் கம்பெனி இல்லைல்ல?” இல்லை என்றேன். “அப்ப வாங்க.”

பாக் மான் வேனிலேயே எங்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டார். மேரி நேரே மளிகைக் கடைக்குப் போய், முத்தையாவிடம் சாவி கேட்டார். முத்தையா என்னைப் பார்த்துவிட்டு, எந்தச் சாவி என்றார். “போதும் அண்ணே,” என்றார் மேரி. “நான் உயிரோட இருக்குறது சாருக்குத் தெரிஞ்சிருச்சு.”

கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் சாமி புறப்பாட்டு வாகனங்கள் இருந்தன. மரக் குதிரை, மர மயில், இரண்டுக்கும் நடுவே மஞ்சள் பட்டுத் துணி போர்த்திய ஏதோ ஒன்று. முத்தையா துணியை விலக்கினார். அந்தோணியின் மோட்டார் சைக்கிள், தூசி துரும்பு இல்லாமல். வெள்ளிக்கிழமை வாகனங்களைத் துடைக்கும்போது இதையும் சேர்த்துத் துடைத்திருக்கிறார்கள். மாதா கோயில் பையனின் மோட்டாரை மாரியம்மன் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அது எங்கள் வங்கியின் வண்டி அல்லாததால் நான் பார்த்ததை எங்கும் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை.

அந்தோணியைக் கூட்டி வந்தார்கள். இருபத்தைந்து வயது, ஒல்லி, தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். காய்ச்சலில் படுத்து இரண்டு மாதத் தவணை விட்டுப்போயிருக்கிறது. இழுத்துப் போய்விடுவார்கள் என்று பயந்து மோட்டாரை இங்கே கொண்டுவந்து ஒளித்திருக்கிறான். மோட்டார் இல்லாமல் இரவு வேலைக்குப் போக முடியவில்லை. வேலை போயிற்று. வேலை போனதால் தவணை கட்ட முடியவில்லை. தவணை கட்டாததால் மோட்டாரை வெளியே எடுக்க முடியவில்லை. இதை அவன் படிப்படியாக, நியாயமான விஷயம் போலவே சொன்னான்.

“அப்ப மூணு மாசமா நீ இதை ஓட்டவே இல்ல?”

“இல்ல அண்ணி. பத்திரமா இருக்குல்ல.”

“ஓட்டாத மோட்டாருக்காடா நான் செத்தேன்?”

அந்தோணி மயிலுக்குப் பின்னால் நகர்ந்தான். முத்தையா தொண்டையைச் செருமினார். அவருக்குக் கணக்கு வேகமாக வரும். கடையில் எரிவாயுத் தோம்பும் அரிசி மூட்டையும் வீடு வீடாகக் கொண்டுபோக ஆள் இல்லாமல் அவர் திண்டாடிக்கொண்டிருந்தார். பாக்கியை அவர் இன்றே கட்டிவிடுவார், அந்தோணி இந்த மோட்டாரிலேயே சாமான் கொண்டுபோய்க் கழிக்க வேண்டும். அந்தோணி ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொள்ளாமல் அந்தக் கொட்டகையை விட்டு அவன் வெளியே வந்திருக்க முடியாது.

பாக்கி தீர்ந்ததற்கு அந்த நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. ஆனால் எங்கள் கோப்பில் இப்போது முதல் அறிக்கை மேரி இறந்ததாகச் சொன்னது, இரண்டாவது இருப்பதாகச் சொன்னது. இரண்டிலும் என் கையெழுத்து. முரண்பட்ட அறிக்கைகள் இருந்தால் வேறொரு அதிகாரி நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. பள்ளி திறக்க நான்கு நாள் இருந்தபோது மிஸ்டர் கூ தானே கிளம்பினார். டை கட்டிக்கொண்டு, கோப்போடு.

அதே மோட்டார் இழுப்பவர் கோலம். முன்கூட்டியே தோட்டத்துக்குச் சொல்லி வைப்பதும் விதிக்கு விரோதம். நான் சொல்லவில்லை. ஆனால் மேரி, இனிமேல் கோப்போடு யார் வந்தாலும் உண்மையைச் சொல்லித் தொலையுங்கள் என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

மிஸ்டர் கூ காரை நிறுத்திக் கதவைத் திறப்பதற்குள் முத்தையா கடையிலிருந்து இறங்கி வந்து, கேள்வி எதுவும் கேட்கப்படாமலே, மேரி உயிரோடு இருக்கிறார் என்று மலாயில் அறிவித்தாராம். குழாயடிப் பெண்கள் இருவரும் ஓடிவந்து, மேரி ஈப்போவுக்குப் போகவில்லை, கோலாலம்பூருக்கும் போகவில்லை என்றார்களாம். பதினேழாம் எண் வீட்டுக்கு அவரை ஒரு சிறு ஊர்வலமே கூட்டிப்போயிருக்கிறது. வழியில் ஒரு பெரியவர், தானும் உயிரோடு இருப்பதாகவும் அதையும் குறித்துக்கொள்ளும்படியும் கேட்டுக்கொண்டாராம்.

திரும்பி வந்து மிஸ்டர் கூ தன் கையால் எழுதிய அறிக்கை இது. பார்த்தது: மனுதாரர், உயிருடன். கேட்டது: அதையே, தோட்டத்தில் எல்லாரிடமிருந்தும்.

கோப்பு ‘இன்று’ தட்டுக்கு வந்தது.

அந்தக் கடன் ஒழுங்காகக் கட்டி முடிந்தது. இடையில் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. கடைசித் தவணை கட்ட வந்தபோது மேரி தன் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பூஜ்யங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, பரீட்சையில் இப்படி வாங்கியிருந்தால் அப்பா தோலை உரித்திருப்பார் என்றார். இப்போது அவருக்கு இரண்டு வேன்கள், ஒன்றை அந்தோணி ஓட்டுகிறான். ஆனால் திவ்யாவிடம் சொல்வதற்கு எனக்கு முதலில் நினைவில் வருவது ஒப்பந்தம் கையெழுத்தான நாள்தான்.

மேரிக்குச் சொந்தக் கடன் வரலாறு எதுவும் இல்லாததால் ஒரு ஜாமீன்தாரர் வேண்டும் என்று மிஸ்டர் கூ சொல்லியிருந்தார். முத்தையா வந்தார், கோயில் கூட்டத்துக்குப் போகும் சட்டையோடு. மேரி பக்கத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் மிஸ்டர் கூ. தமிழில் விளக்க வேண்டியது என் பொறுப்பு. இந்தத் தடவை சாட்சிக் கையெழுத்து என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

“நல்லா கேட்டுக்குங்க,” என்றேன். “இவங்க கட்டலன்னா நீங்க கட்டணும். உங்க பேரும் ரிப்போர்ட்டுல வரும். நீங்களும் கட்டலன்னா, உங்களைத் தேடி வருவோம்.”

“தேடின்னா, யாரு வருவா?”

“நான்தான் வருவேன்.”

முத்தையா பேனாவை எடுத்து, காட்டிய இடத்திலெல்லாம் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். மூடியைத் திருகி மூடி, பேனாவை மேசையில் வைத்தார்.

“தாராளமா வாங்க சார். நான் செத்து ஆறு மாசமாச்சுன்னு மேரி சொல்லும்.”

“நல்ல மனுசன்னும் சேத்துச் சொல்றேன் அண்ணே,” என்றார் மேரி.

மிஸ்டர் கூ, என்ன சொல்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, டையின் நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, முத்தையாவின் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரை நிதானமாகப் பார்த்தார்.

“நீயும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்,” என்றார் என்னிடம்.